பந்தயத்தில் போன காளை

தன் கைனெடிக் ஹோண்டாவின் சாவியை ரங்கநாயகி எடுத்து சசிதரின் கையில் வைத்தபோது, ஜெரோமுக்கு நெஞ்சுக்குள் யாரோ பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்ட மாதிரி இருந்தது.

"காய்ச்சலோட பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம் கண்ணு. வண்டிய எடுத்துட்டு ஊட்டுக்குப் போய்ப் படு" என்றாள் ரங்கநாயகி.

கண்ணு!

துப்பறியும் அலுவலகம் நடத்தும் ரங்கநாயகியிடம் ஜெரோம் உதவியாளனாகச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுக்காக வெயிலிலும் மழையிலும் தன் பழைய டிவிஎஸ் வண்டியை உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் கல்லாகிப்போனவன். அந்தச் சாவியை அவன் தொட்டதுகூட இல்லை. சசிதரோ நேற்று வந்தவன். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று அதை மாட்டிக் கொடுக்க வந்த என்ஜினியரிங் பையன், அப்படியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து 'சசி இதைப் பாரு, சசி அதைப் பாரு' தான்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் ஜெரோம் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

"மேடம், எனக்கும் லேசாச் சுடற மாதிரி இருக்குதுங்க."

"அது காய்ச்சலில்லப்பா. வவுத்தெரிச்சல். மோரு குடி, சரியாப் போயிரும்" என்றவள், எதிரே உட்கார்ந்திருந்த இளைஞனிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க யஷ்வந்த். அப்பாவுக்குத் தெரியாம வந்திருக்கீங்க. என்ன சங்கதி?"

யஷ்வந்த், பீளமேட்டில் பம்ப் செட் ஃபவுண்டரி நடத்தும் வெங்கடபதியின் மகன். வெங்கடபதிக்குக் காங்கேயத்துப் பக்கம் பண்ணையும் உண்டு. பண்ணையில் இருந்த மயிலைக் காளை, கண்காட்சிகளில் பரிசு வாங்கிய காளை, போன வெள்ளிக்கிழமை காணாமல் போயிற்று. காளையை வளர்த்த மாசாணத்தின் மேல் பழி விழுந்தது. "எங்க வித்தேன்னு சொல்ற வரைக்கும் வெளிய உடாதீங்க" என்று வெங்கடபதி உத்தரவு போட, பண்ணை ஆட்கள் மாசாணத்தைக் கொப்பரைக் கிடங்கில் பூட்டி வைத்திருந்தார்கள். காளை போன தடத்தைக் கண்டுபிடிக்க வெங்கடபதி ரங்கநாயகியை அமர்த்தியது முந்தின நாள். இன்று சாயங்காலத்துக்குள் தகவல் வராவிட்டால் மாசாணம் போலீஸ் கைக்குப் போவார்.

யஷ்வந்த் நாற்காலியை மேசைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

"காளை திருடு போகலைங்க. நாந்தான் அவுத்துக் கொண்டுபோய்க் குடுத்தேன். பந்தயத்துல தோத்துட்டேனுங்க."

"சேவல் சண்டையா, சீட்டா?" என்றான் ஜெரோம்.

"பிளேடுங்க. இன்டர்நெட்டுல ஆடற ஆட்டம். ரெண்டு பேரு வாளோட மோதோணும். ஒரு வெட்டு, ஒரு தடுப்புன்னு மாறி மாறிப் போவும்."

"செம அறுவை போல. பேரு வெச்சவன் ஆடிப் பாத்துட்டுத்தான் வெச்சிருப்பான்."

ரங்கநாயகி ஜெரோமை ஒரு பார்வை பார்த்தாள். யஷ்வந்த் தொடர்ந்தான். பீளமேட்டில் நசுருதீன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடுவதாம். ஆட்டத்தை நடத்தும் கம்பெனிக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமில்லை. ஆடுகிறவர்களே பேசி வைத்துக்கொள்வது. தோற்றவன் சொன்னதைக் கொடுக்காவிட்டால் ஏமாற்றுக்காரன் என்று எல்லோரும் பார்க்க எழுதிப் போடுவார்கள். அப்புறம் யாரும் அவனோடு வாளெடுக்க மாட்டார்கள்.

"மொதல்ல நாந்தானுங்க ஜெயிச்சுட்டு இருந்தேன். ஒரு வாக்மேன்கூட வந்துச்சு. அப்புறம் ருசி கண்டுபோச்சுங்க. எதிராளி பேரு 'நம்பர் ஒன்'. ஹைதராபாத்துன்னு சொன்னான். அவங்கிட்ட வாட்சைத் தோத்தேன், யமஹாவைத் தோத்தேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டுல வண்டிய உட்டுட்டுப் போன்னான், உட்டேன். கடைசியா காளை. பண்ணைக்கு வெளிய ஒரு மினி லாரி வந்து நின்னுச்சு. ஏத்தி உட்டுட்டேனுங்க."

"முகம் தெரியாதவங்கிட்ட வாக்குத் தவறக் கூடாதுன்னு மாட்டை ஏத்தி உட்டீங்க" என்றாள் ரங்கநாயகி. "முகம் தெரிஞ்ச மாசாணம் கிடங்குல கெடக்கறாரு."

யஷ்வந்த் தலையைத் தொங்கப் போட்டான். அப்பாவிடம் சொல்லப் பலமுறை வாயைத் திறந்ததாகவும், அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதாகவும் முணுமுணுத்தான்.

"காளை இருக்கறதை ஆட்டத்துல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க. அவனாத்தான் 'மயிலையை வெய்யி'ன்னு கேட்டான். எங்கிட்ட ஜப்பான் கேமரா இருக்குது, நானே வாங்கினது, நல்ல விலை. அதை வெக்கறேன்னேன். வேண்டவே வேண்டாம்னுட்டான்."

"வாட்சும் யமஹாவும்?"

"வாட்சு நான் பாஸ் பண்ணினப்ப அப்பா குடுத்தது. யமஹா ஃபவுண்டரில சேர்ந்தப்ப. காளை போன பொறந்த நாளைக்கு."

ரங்கநாயகி மேசையில் விரலால் தாளம் போட்டாள். அவள் தாளம் போட்டால் ஏதோ பிடிபடுகிறது என்று அர்த்தம்.

"ஹைதராபாத்காரனுக்கு மயிலை எப்பிடித் தெரியும்? இது உள்ளூர் ஆளு. உங்க ஊட்டுச் சங்கதி தெரிஞ்ச ஆளு. உங்களுக்கு இந்த ஆட்டத்தைக் கத்துக் குடுத்தது யாரு?"

"காலேஜ்ல கூடப் படிச்ச பையன்தானுங்க. நம்ம சசி. சசிதர்."

காலையிலிருந்து முதல் தடவையாக ஜெரோமுக்கு உலகம் அழகாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில்கூட இதமாக அடித்தது.

"மேடம்! கம்ப்யூட்டர் தெரிஞ்சவன். இவரோட ஊடு தெரியும், காளை தெரியும். பீளமேட்டுலயே குடியிருக்கான், ஊட்டுல போனும் இருக்குது, நெட்டும் இருக்குது. இன்னைக்குன்னு பாத்துக் காய்ச்சல்னு கிளம்பிப்போட்டான். உங்க வண்டியில!"

"கடைசியாச் சொன்னதுதான் பெரிய குத்தம் போலிருக்குது" என்றாள் ரங்கநாயகி. ஆனால் மறுக்கவில்லை. "அடுத்த ஆட்டம் எப்போ?"

"இன்னைக்கு மத்தியானமுங்க. நான் ஜெயிச்சா காளையைத் திருப்பித் தரேன்னான். தோத்தா என்ன குடுக்கோணும்கறதை ஆட்டம் ஆரம்பிக்கறப்பத்தான் சொல்லுவானாம்."

"ஆடுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். ஜெரோம், நீ சசி ஊட்டுக்குப் போ. ஊட்டுல நெட்டு ஓடிட்டிருக்கறப்ப யாராவது ரிசீவரை எடுத்தா என்ன ஆவும்?"

"கீச்சுனு கத்தும். லைன் போயிரும்."

"அவ்வளவுதான். ஒரு போன் பண்ணிக்கறேன்னு கேட்டு ரிசீவரை எடு. காதுல கீச்சுன்னா ஆளு அகப்பட்டான். இங்க இவருக்கு எதிராளி அப்பிடியே நின்னுபோவான்."

"லைன் போனாத் தோல்விங்க" என்றான் யஷ்வந்த். "ஆட்டத்துல அப்பிடித்தான் சட்டம். யாரு லைன் போவுதோ அவங்க தோத்தாங்க."

பீளமேட்டுத் தெருக்களில் ஜெரோமின் டிவிஎஸ் அன்றைக்குப் பறந்தது. போகிற வழியெல்லாம் அவன் மனதுக்குள் ஒத்திகை. 'உங்க கண்ணுதானுங்க மேடம் குத்தவாளி' என்று சொல்லலாம். இல்லை, ஒன்றும் சொல்லாமல் கைனெடிக் ஹோண்டா சாவியை மட்டும் மேசையில் வைத்துவிட்டு மௌனமாக நிற்கலாம். இரண்டாவதுதான் கம்பீரமாகப் பட்டது.

சசிதரின் அம்மா கதவைத் திறந்தாள். கூடத்தில் முக்காலிமேல் போன் இருந்தது. ஜெரோம் அனுமதி கேட்டுவிட்டு, பட்டாசுத் திரிக்கு நெருப்பு வைப்பவன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தான்.

டயல் டோன், சாப்பிட்டுப் படுத்த பூனை மாதிரி நிம்மதியாக முனகியது.

மறுபடி வைத்து மறுபடி எடுத்தான். அதே முனகல்.

"ஜெரோமண்ணா?" உள் அறையிலிருந்து போர்வையோடு சசிதர் எட்டிப் பார்த்தான். கண் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. "என்னைப் பாக்கவா இத்தனை தூரம் வந்தீங்க? அம்மா, அண்ணனுக்குக் காப்பி குடுங்க."

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் ஜெரோம் போன் பக்கம் திரும்பிக்கொண்டு நசுருதீனின் சென்டருக்கு டயல் செய்தான். நசுருதீன் ரங்கநாயகியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"மேடம், இங்க இல்லீங்க. நெசக் காய்ச்சல்."

"சரி, ஒண்ணு கழிஞ்சுது. ஆட்டம் நடந்துட்டிருக்குது, இவரு தோத்துட்டிருக்காரு. நம்பர் ஒன் கேட்ட பந்தயம் என்ன தெரியுமா? ஃபவுண்டரி ஆபீஸ்ல யஷ்வந்துக்குப் போட்டிருக்கற நாற்காலி. இனிமே அதுல உக்கார மாட்டேன்னு இவரே போயி அப்பாகிட்டச் சொல்லோணுமாம்."

"நாற்காலியா? அதை வெச்சு என்ன பண்றது? பழைய சாமான் கடையிலகூட எடுக்க மாட்டான்."

மறுமுனையில் யஷ்வந்த் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ரங்கநாயகி தணிந்த குரலில் கேட்டாள்.

"ஜெரோம், சசிகிட்ட இருக்கறதுல ஒண்ணை நீ பந்தயமாக் கேக்கறதுன்னா, எதைக் கேப்பே? யோசிக்காமச் சொல்லு."

யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க வண்டிச் சாவிங்க."

"அவங்கிட்ட நல்ல வாட்சு இருக்குது. புது ஷூ இருக்குது. அதெல்லாம் வேண்டாமா?"

"வேண்டாமுங்க. அதெல்லாம் அவனே வாங்கினது. சாவி நீங்க குடுத்ததுங்க. எனக்குக் குடுக்காம அவனுக்குக் குடுத்தீங்க."

சொல்லி முடித்ததும் அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மேடம்... வாட்சு அப்பா குடுத்தது. வண்டி அப்பா குடுத்தது. காளை, நாற்காலி எல்லாமே அப்பா குடுத்தது. கேமரா மட்டும் இவரே வாங்கினது. அதனாலதான் அதை வேண்டாம்னு சொல்லியிருக்கான்!"

"விலை பாத்து ஆடற கையில்ல இது. அந்த அப்பா கையிலருந்து எதுவுமே வாங்காத கை. அதே ஊட்டுலயே இருக்குது. நேத்து நமக்குக் காப்பி கொண்டாந்து குடுத்துச்சே, ஞாபகமிருக்குதா?"

இருந்தது. முந்தின நாள் வெங்கடபதி வீட்டுக் கூடத்தில் மகனின் பெருமையை அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது, காப்பித் தட்டோடு ஒரு பெண் வந்தாள். "மூத்தவ, பூஜிதா. கம்பெனி ஈமெயிலெல்லாம் இவதான் அடிக்கறா. கல்யாணம் ஆவற வரைக்கும் பொழுது போவோணுமில்லீங்களா" என்றார் வெங்கடபதி. அவள் சிரித்தாள். வாய் மட்டும் சிரித்தது. அதே சிரிப்பைத்தான் காலையில் ஜெரோம் சசிதரிடம் சிரித்திருந்தான்.

சசிதரின் அம்மா காப்பியோடு வந்தபோது ஜெரோம் அங்கே இல்லை.

வெங்கடபதியின் வீடு அடுத்த தெருவில்தான். அவர் காங்கேயம் புறப்படக் கார் சாவியோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒரு போன் பண்ணிக்கட்டுங்களா?"

"பண்ணிக்கப்பா. காளையப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இப்பத் தெரிஞ்சுருமுங்க" என்று ஜெரோம் ரிசீவரை எடுத்தான்.

கர்ர்ர்... கீஈஈச்! காது கிழிந்தது.

"யாரு போனை எடுத்தது?" ஆபீஸ் அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வீறிட்டது. கதவு படாரென்று திறந்தது. பூஜிதா நின்றாள். முகத்தில் ரத்தமில்லை.

"இன்னும் ஒரு வெட்டு" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. "ஒரே ஒரு வெட்டுதான் பாக்கி இருந்துச்சு."

வெங்கடபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெரோம் விளக்க ஆரம்பித்தான். பாதியிலேயே அவள் குறுக்கிட்டுத் தானே சொல்லிவிட்டாள். குரல் நடுங்கவில்லை.

"நீயா? தம்பிகிட்டயேவா?" வெங்கடபதி ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "அது யாரோ நம்பர் ஒன்னுன்னு..."

"நாந்தானுங்க நைனா நம்பர் ஒன். இந்த ஊட்டுல மொதல்ல பொறந்தது நான்தானே? எனக்குக் கோல்டு மெடல் கெடைச்சப்ப என்ன குடுத்தீங்க? ஒரு சொம்பு தண்ணி கொண்டாரச் சொன்னீங்க, வந்தவங்களுக்கு. அவன் அரியர் எழுதித் தட்டுத்தடுமாறிப் பாஸானான். வாட்சு. மயிலை கன்னுக்குட்டியா இருந்தப்ப லீவுக்கு லீவு போயி புட்டிப்பால் குடுத்தது நான். அதையும் அவனுக்குப் பொறந்தநாள் பரிசாக் குடுத்தீங்க."

"கேட்டிருந்தா உனக்கும் வாங்கிக் குடுத்திருப்பேனே அம்மணி."

"எனக்கு வேணும்னு இல்லீங்க நைனா. அவன் கையில இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஜெரோம் தரையைப் பார்த்தான். தன் நெஞ்சுக்குள் இருந்ததை ஒருத்தி இத்தனை சுத்தமாக வெளியே எடுத்து வைப்பாள் என்று அவன் நினைக்கவில்லை.

"நான் ஏமாத்தலை" என்றாள் பூஜிதா. "வாளெடுத்துத்தான் ஜெயிச்சேன். எதையும் விக்கவும் இல்லை. வண்டி, காளை எல்லாம் சூலூர்ல என் சிநேகிதி நேஹாவோட தோப்புல பத்திரமா இருக்குது. ஒரு நாளைக்கு உங்ககிட்ட அத்தனையும் கொண்டாந்து நிறுத்தி, உங்க பையன் எங்கிட்டத் தோத்ததுன்னு சொல்லோணும். அதுக்குத்தான்."

"அப்ப மாசாணத்தை ஏனுங்க அம்மணி பந்தயத்துல வெச்சீங்க?" என்று கேட்டான் ஜெரோம்.

"மாசாணமா? அவருக்கென்ன?"

ஜெரோம் சொன்னான். கிடங்கு, பூட்டு, சாயங்காலம் வரப்போகும் போலீஸ். பண்ணை விஷயத்தை வெங்கடபதி வீட்டுப் பெண்களிடம் பேசுவது வழக்கமில்லை. யஷ்வந்துக்கோ அவளிடம் சொல்ல வாயில்லை. பூஜிதா கேட்கக் கேட்க மெதுவாகக் கதவு நிலையில் சாய்ந்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. ரங்கநாயகியும் யஷ்வந்தும் உள்ளே வந்தார்கள்.

"ஜெயிச்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டே வந்த யஷ்வந்த், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றான். பார்வை அவளிடமிருந்து திறந்து கிடந்த ஆபீஸ் அறைக்கும், அங்கே எரிந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் திரைக்கும் போயிற்று. "நீயாக்கா?"

"லைன் போனாத் தோல்விதானேடா" என்றாள் அவள். "காளை உன்னுது. கார்ல ஏறு."

சூலூர் போய், மினி லாரியில் காளையை ஏற்றிக்கொண்டு அவர்கள் காங்கேயத்துப் பண்ணையை அடைந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் நின்று பார்த்தார்கள். கிடங்கு வாசலில் மாசாணத்தின் மனைவி பாவாத்தாள், அங்கேயே கிடந்தவள் மாதிரி, மண் ஒட்டிய சேலையோடு எழுந்தாள்.

பூட்டைத் திறந்தார்கள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாசாணம் வந்தார். லாரியில் நின்ற காளையைப் பார்த்தார். கிட்டே போகவில்லை.

"சரி மாசாணம், ஏதோ நடந்துபோச்சு. போயிச் சாப்புட்டுட்டு வேலையப் பாரு" என்றார் வெங்கடபதி.

"காளை வந்தது சந்தோசமுங்க" என்றார் மாசாணம். "ஆனா என்னைத் திருடன்னு நீங்க சொன்னது இந்தக் களத்துலதானுங்க. இத்தனை சனமும் கேட்டுது. யாரு அவுத்தாங்க, யாரு கொண்டுபோனாங்கன்னு அதே வாயால இங்கயே சொல்லிப்போடுங்க. நான் போறேன்."

"அதெல்லாம் ஊட்டு விசயமப்பா."

"ஆளைக் கிடங்குல போட்டுப் பூட்டினது ஊட்டு விசயமில்லீங்க" என்றாள் ரங்கநாயகி. "அவரு புகார் குடுத்தார்னா சாட்சி சொல்றது நான்."

வெங்கடபதி மகனைப் பார்த்தார். யஷ்வந்த் ஓரடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். கூட்டத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது.

பூஜிதா செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தின் நடுவுக்குப் போனாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. காளையை அவுத்தது எந்தம்பி. கொண்டுபோகச் சொன்னது நான். கம்ப்யூட்டர்ல சண்டை போடற ஆட்டத்துல பந்தயம் கட்டினோம். அவம்மேல இருந்த எரிச்சல்ல நான் பண்ணினேன். மாசாணத்துக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை. அவரை அடைச்சு வெச்சது எங்கப்பா பண்ணின தப்பு. அதுக்குக் காரணம் நாங்க ரெண்டு பேரும்."

மாசாணம் கடைசி வார்த்தை வரைக்கும் தலை நிமிர்ந்து கேட்டார்.

"சரிங்க அம்மணி. நாளைக்கு வேலைக்கு வாரதா வேண்டாமான்னு நான் ரோசிச்சுச் சொல்றேன். புகார் குடுக்கறதும் அப்பிடித்தான்." பாவாத்தாளின் தோளைத் தொட்டார். இருவரும் களத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

வெங்கடபதி மகள் பக்கம் திரும்பினார். அவளை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி இருந்தது. திட்டப்போகிறார் என்று ஜெரோம் நினைத்தான்.

"பூஜிதா, நாளைக்குக் காலையில ஃபவுண்டரிக்கு வா. பேசோணும்" என்றார். அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோட்டில் போகும் மாசாணத்தின் பின்னால் வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

ஜெரோம் லாரியின் பக்கம் திரும்பினான். காளையின் கயிற்றைப் பிடித்தபடி யஷ்வந்த் நின்றிருந்தான். காளை கிடைத்துவிட்டது, ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டான். ஆனால் அவன் காளையைப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு களத்தில் நின்ற அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகச் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

"என்னப்பா அப்பிடிப் பாத்துட்டு நிக்கறே?" என்று ரங்கநாயகி ஜெரோமிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். அடுத்த ஆட்டத்துக்கு ஆளு ரெடியாயிட்டாரு."